நிற்க வைத்த உருவங்கள்: புவெனஸ் ஐரிஸ், 1983

இந்த எபிசோடை ஒரு வார்த்தையில் இருந்து ஆரம்பிக்கலாம்.

திருவிழாக் கூட்டத்தில் ஒரு குழந்தை கையை விட்டுப் போய்விட்டால் மைக்கில் என்ன சொல்வார்கள்? "காணாமல் போய்விட்டது" என்பார்கள். அதுவே இலங்கையில் ராணுவத்திடம் கையளித்த மகனைத் தேடி, 2017-ல இருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சாலையோரம் போட்டோவோடு உட்கார்ந்த அம்மாக்களிடம் போய் "உங்க பையன் காணாமல் போயிட்டானா?" என்று கேட்டால், அவர்கள் திருத்துவார்கள். போகவில்லை. காணாமல் ஆக்கப்பட்டான். நமக்கு இந்தச் சொல் ஈழத்தமிழர்கள் கொடுத்தது. அந்த "ஆக்கப்பட்ட"வில் இன்னொரு ஆள் ஒளிந்திருக்கிறான். ஆக்கியவன்.

ஸ்பானிஷ் மொழியிலும் இதே விஷயம் நடந்தது. "தெஸபரெசிதோ" என்றால் மறைந்தவர், அவ்வளவுதான். 1970-களில் அர்ஜென்டினாவில் இந்த வார்த்தையின் இலக்கணமே மாறிப்போனது. "அவன் மறைந்தான்" என்பது "அவனை மறைத்தார்கள்" என்று ஆனது. இன்னைக்கு நான் சொல்லப் போறது, அந்த மறைக்கப்பட்டவர்களை ஒரு ராத்திரியில் பேப்பரும் பெயின்ட்டும் வச்சு ஊருக்கு நடுவுல கொண்டுவந்து நிறுத்தின கதை. அதைத் தொடங்கியது மூன்று ஓவியர்கள். ஆனால் அது அவர்களுடைய படைப்பு என்று சொல்ல முடியாது. ஏன் என்பதுதான் இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த பகுதி.

கொஞ்சம் பின்னணி. 1976 மார்ச் 24-ம் தேதி அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தொழிற்சங்கக்காரர்கள், மாணவர்கள், பத்திரிகையாளர்கள், வக்கீல்கள் என்று வீட்டில் இருந்தும் தெருவில் இருந்தும் ஆட்களைத் தூக்கினார்கள். வாரன்ட் கிடையாது, வழக்கு கிடையாது. ரகசிய முகாம்களில் வைத்துச் சித்திரவதை செய்தார்கள். அதில் பெயர் பெற்றது கடற்படை இயந்திரவியல் பள்ளி, சுருக்கமா எஸ்மா. பலரை மயக்க ஊசி போட்டு விமானத்தில் ஏற்றி, உயிரோடு ஆற்றிலும் கடலிலும் வீசினார்கள். உடல் இல்லை. உடல் இல்லை என்றால் கொலை இல்லை, கொலை இல்லை என்றால் கொலைகாரன் இல்லை. 1979-ல் ஒரு செய்தியாளர் சந்திப்பில் இதைப் பற்றிக் கேட்டபோது அதிபர் ஜெனரல் விதேலா சொன்ன பதிலின் சாரம்: காணாமல் போனவர் என்பவர் உயிரோடும் இல்லை, இறக்கவும் இல்லை, அவர் இல்லாதவர், அவ்வளவுதான். அந்த வீடியோ இணையத்தில் இருக்கிறது. வாயைவிட அவருடைய கைகளைப் பாருங்க. ஏதோ புகையைக் கலைக்கிற மாதிரி காற்றில் அசைக்கிறார்.

1977 ஏப்ரல் 30, சனிக்கிழமை. தங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டு 14 பெண்கள் பிளாசா தெ மாயோ என்ற சதுக்கத்தில் கூடினார்கள். அதிபர் மாளிகை எதிரிலேயே இருக்கிறது. நெருக்கடி நிலை அமலில் இருந்ததால் கூட்டமாக நிற்கக் கூடாது. போலீஸ் "நிற்காதே, நட" என்றது. சரி என்று இரண்டு இரண்டு பேராகக் கை கோத்துச் சதுக்கத்தின் நடுவிலுள்ள தூணைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். பிறகு அது ஒவ்வொரு வியாழக்கிழமையும் நடக்கிற வழக்கமாகிவிட்டது. உலகம் முழுக்கத் தெரிந்த அந்த வெள்ளைத் தலைத்துணி முதலில் குழந்தைகளுக்குக் கட்டும் துணிதான். அந்த ஆண்டு ஒரு யாத்திரைக் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளத் தலையில் கட்டினார்கள். ஒன்றுசேர்த்தவர்களில் முக்கியமானவர் அசுசேனா வில்லாஃப்ளோர். 1977 டிசம்பரில் அவரையும் தூக்கிவிட்டார்கள். பெயரில்லாமல் புதைக்கப்பட்டிருந்த அவருடைய எலும்புகளை 2005-ல்தான் அடையாளம் கண்டார்கள்.

இப்போ அந்த மூன்று ஓவியர்கள். ரொடோல்ஃபோ அகுவெரெபெரி, ஹூலியோ ஃப்ளோரெஸ், கிஜெர்மோ கெக்ஸெல். ஒரே ஸ்டுடியோவில் வேலை செய்தவர்கள். 1982-ல் எஸ்ஸோ எண்ணெய் நிறுவனத்தின் அறக்கட்டளை நடத்தவிருந்த ஒரு கலைப் போட்டிக்கு ஏதாவது பெரிதாகச் செய்யலாம் என்று யோசித்தார்கள். ஆமாம், எதிர்ப்புக் கலையின் வரலாற்றில் இவ்வளவு முக்கியமான ஒரு விஷயம் கார்ப்பரேட் பரிசுப் போட்டிக்கான ஐடியாவாகத்தான் பிறந்தது. மால்வினாஸ் போர் வந்தது, போட்டி நின்றுபோனது. நல்லவேளை.

அவர்களுக்குப் பொறி தட்டியது ஒரு போஸ்டரில் இருந்து. போலந்து ஓவியர் யெர்சி ஸ்காப்ஸ்கி செய்தது, யுனெஸ்கோவின் கூரியர் பத்திரிகையில் 1978-ல் வந்திருந்தது. போஸ்டர் முழுக்க வரிசை வரிசையாகக் குட்டிக் குட்டி மனித உருவங்கள், மொத்தம் 2,370. ஆஷ்விட்ஸ் முகாமில் ஒரு நாளைக்கு இத்தனை பேர் செத்தார்கள் என்பது கணக்கு. முகாம் இயங்கிய நாட்கள் 1,688, போஸ்டரை அச்சடித்ததும் 1,688 பிரதிகள். பெருக்கினால் சுமார் 40 லட்சம் வரும். அன்றைக்கு எல்லோரும் சொன்ன எண்ணிக்கை அது. பின்னால் வரலாற்றாசிரியர்கள் அதைச் சுமார் 11 லட்சம் என்று திருத்தினார்கள். இந்தத் திருத்தத்தை மனசுல வச்சுக்கோங்க, எண்ணிக்கைச் சண்டை நம்ம கதையிலும் வரும்.

மூன்று பேரும் பிடித்துக்கொண்டது இதை: 30,000 என்று சொன்னால் யாருக்கும் எதுவும் தெரியாது. 30,000 ஆட்கள் எவ்வளவு இடத்தை அடைப்பார்கள் என்று காட்டினால் தெரியும். மனித உரிமை அமைப்புகள் சொன்ன எண் 30,000. அத்தனை பேருக்கும் ஆளுயர நிழலுருவம் வரைய வேண்டும்.

நான் இதை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு உருவத்துக்கு 2 மீட்டர் பேப்பர் என்றால் மொத்தம் 60 கிலோமீட்டர். சென்னை பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறி செங்கல்பட்டில் இறங்குகிற வரைக்கும் பேப்பரை விரித்துக்கொண்டே போகலாம். வரைந்து, பெயின்ட் அடித்து முடிக்க ஒன்றுக்கு 5 நிமிஷம் என்று வைத்தால் 2,500 மணி நேரம். மூன்று பேர் தூங்காமல் செய்தாலும் 35 நாள் ஆகும். ராணுவ ஆட்சியில், அதுவும் திருட்டுத்தனமாக. முடியாது. அவர்களும் இதே முடிவுக்குத்தான் வந்தார்கள். ஊரே சேர்ந்து செய்தால்தான் உண்டு. "கூட்டுக் கலை" என்ற கொள்கையெல்லாம் பேசுவதற்கு முன்னாலேயே கணக்கு அவர்களைக் கூட்டத்திடம் தள்ளிவிட்டது.

1983 செப்டம்பரில் திட்டத்தை எழுதி எடுத்துக்கொண்டு அம்மாக்களிடம் போனார்கள். அந்த மாதம் 21-ம் தேதி அம்மாக்களின் மூன்றாவது எதிர்ப்பு நடைப்பயணம், 24 மணி நேரம், அதே சதுக்கத்தில். அதில் இதைச் செய்யலாமா என்று கேட்டார்கள்.

அம்மாக்கள் சரி என்றார்கள், ஆனால் திட்டத்தில் கை வைத்தார்கள். என் வேலையில் தினமும் ஒருத்தர் எழுதின கோடை இன்னொருத்தர் ரிவியூ பண்ணுவார். அதில் பல கமென்ட் சும்மா பேர் மாற்றச் சொல்கிற கமென்ட். எப்போதாவது ஒரு கமென்ட் வரும், நீ என்ன செய்கிறாய் என்றே உனக்குப் புரியவில்லை என்று காட்டிவிடும். அம்மாக்கள் கொடுத்தது அந்த வகை.

முதல் நிபந்தனை: எந்த உருவமும் தரையில் கிடக்கக் கூடாது. எல்லாம் நிற்க வேண்டும். சுவரில், மரத்தில், கம்பத்தில், எங்கே ஒட்டினாலும் நின்றபடி.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? ஒரு ஆளின் வெளிக்கோட்டைத் தரையில் வரைந்தால் நமக்கு முதலில் என்ன ஞாபகம் வருகிறது? சினிமாவில் கொலை நடந்த இடத்தில் போலீஸ் சாக்பீஸில் போடுகிற கோடு. அதாவது பிணம். அந்த ஆண்டு ஏப்ரல் 28-ம் தேதி ராணுவ ஆட்சி "இறுதி ஆவணம்" என்று ஒன்றை வெளியிட்டிருந்தது. அதில், வெளிநாட்டிலோ தலைமறைவாகவோ இல்லாத காணாமல் போனவர்களை எல்லாம் சட்டப்படி இறந்தவர்களாகவே கருத வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். யார் கொன்றது, எங்கே, எப்போது, உடல் எங்கே, ஒன்றும் கிடையாது. செத்துட்டாங்க, ஃபைலை மூடுங்க, அவ்வளவுதான். அம்மாக்களின் கோஷம் அதற்கு நேர் எதிர்: உயிரோடு எடுத்துட்டுப் போனீங்க, உயிரோடு திருப்பிக் கொடுங்க.

இதைக் கேட்டு, "பாவம், பிள்ளை இறந்ததை ஏற்றுக்கொள்ள முடியாத தாய்மார்கள்" என்று சிலர் அன்றைக்கே சொன்னார்கள். இன்றைக்கும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கோரிக்கை ரொம்பத் தெளிவானது. ஒருவரை எடுத்துப்போனது நீ. அதனால் அவருக்கு என்ன ஆனது என்று சொல்லும் பொறுப்பும் உன்னுடையது. நீ சொல்லாத ஒரு சாவை நான் ஏன் உனக்காக அறிவிக்க வேண்டும்? ஓவியர்கள் உருவத்தைத் தரையில் படுக்க வைத்திருந்தால், நல்லெண்ணத்தோடு, கண்ணீரோடு, ராணுவத்தின் ஆவணத்தையே ஊர் முழுக்க ஒட்டியிருப்பார்கள்.

இரண்டாவது நிபந்தனை பெயர் பற்றியது. ஓவியர்கள் ஒவ்வொரு உருவத்திலும் தனித்தனி விவரங்கள் சேர்க்க நினைத்திருந்தார்கள். அம்மாக்கள் வேண்டாம் என்றார்கள். கையில் இருக்கும் பட்டியல் முழுசா இல்லை. பட்டியலில் இருப்பவருக்கு மட்டும் பெயர் எழுதினால், யாரும் புகார் கொடுக்க வராத அந்த மற்றவர்கள் இரண்டாம் முறையும் காணாமல் போவார்கள். அதனால் எல்லா உருவமும் ஒரே மாதிரி இருக்கட்டும், பெயர் வேண்டாம்.

செப்டம்பர் 21. அங்கே அது வசந்த காலத்தின் முதல் நாள், மாணவர் தினமும்கூட. தேர்தல் அக்டோபர் 30 என்று அறிவித்தாகிவிட்டது, ஆனால் ஆட்சி இன்னும் ராணுவத்திடம்தான். அதே வாரத்தில் தங்களுக்குத் தாங்களே பொதுமன்னிப்பு கொடுத்துக்கொள்ளும் சட்டத்தையும் கொண்டுவந்தார்கள். அந்தத் துணிச்சலை என்னன்னு சொல்றது!

சதுக்கத்தைச் சுற்றி போலீஸ் நிற்கிறது. நடுவே பேப்பர் ரோல், பெயின்ட், ரோலர், பிரஷ், பசை, கலைக்கல்லூரி மாணவர்கள் முன்கூட்டியே வெட்டி வைத்திருந்த ஸ்டென்சில். ஊர்வலத்துக்கு வந்தவர்களிடம் ஓவியர்கள் எப்படிச் செய்வது என்று காட்டினார்கள். பேப்பரை விரி, ஒருத்தர் மேலே படு, இன்னொருத்தர் சுற்றிக் கோடு போடு, எழுந்திரு, பெயின்ட் அடி, கொண்டுபோய் நிறுத்தி ஒட்டு.

படுத்தவர் எழுந்து போன பிறகு பேப்பரில் ஒரு வெற்றிடம் இருக்கும், இல்லையா? அந்த வெற்றிடம் இப்போது வேறொருவருடையது. அந்த ஊரில் அன்றைக்கு உயிரோடு இருந்த யாரும், அதிர்ஷ்டம் கொஞ்சம் மாறியிருந்தால், அந்த வெற்றிடமாக ஆகியிருக்கலாம். உடலைக் கடன் கொடுக்கிறார்கள். எந்தக் கலை விமர்சகரும் விளக்கத் தேவையில்லாமல் அங்கே படுத்த ஒவ்வொருவருக்கும் அது முதுகில் புரிந்திருக்கும்.

அரை மணி நேரத்தில் எங்களுக்கு அங்கே வேலையே இல்லாமல் போய்விட்டது, நாங்கள் வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம் என்ற பொருளில் அகுவெரெபெரி பின்னால் சொல்லியிருக்கிறார். ஒரு கலைஞர் தன் படைப்பைப் பற்றிச் சொன்னதில் இதைவிடப் பெருமையான வாக்கியம் எனக்குத் தெரியாது. ஆட்கள் தாங்களே வரைகிறார்கள், தாங்களே ஒட்டுகிறார்கள். பாட்டிமார் அமைப்பு, அதாவது சிறையில் பிறந்து திருடப்பட்ட பேரக் குழந்தைகளைத் தேடுகிற அமைப்பு, கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இந்த உருவங்களில் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தது. அவையும் சுவர் ஏறின. அந்தப் பாட்டிமார் அடுத்து வந்த ஆண்டுகளில் மரபணுச் சோதனையையே ஆயுதமாக்கி 130-க்கும் மேற்பட்ட பேரப் பிள்ளைகளைக் கண்டுபிடித்தார்கள். அது தனி எபிசோட், கண்டிப்பா செய்வேன்.

பெயர் வேண்டாம் என்ற விதி? அது அன்றைக்கு ராத்திரியே உடைந்தது. ஒரு சின்னப் பையன் வந்து, என் அப்பாவைச் செய்து தருவீங்களா என்று கேட்டான். உங்க அப்பா எப்படி இருப்பார் என்று கேட்டால், தாடி மீசையோடு இருப்பார் என்றான். இவனிடம் போய் "தம்பி, எல்லா உருவமும் ஒரே மாதிரி இருக்கணும்னு முடிவு" என்று யார் சொல்வது? ஜனங்கள் உருவங்களின் மேல் பெயர் எழுதினார்கள், தூக்கிய தேதி எழுதினார்கள். ஓவியர்களின் திட்டத்தை அம்மாக்கள் திருத்தினார்கள், அம்மாக்களின் திட்டத்தைக் கூட்டம் திருத்தியது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

இதில் அம்மாக்கள் தோற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். படுக்க வைக்கக் கூடாது என்ற முதல் விதியைக் கூட்டம் மதித்தது. பெயரற்ற உருவங்களும் பெயருள்ளவையும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. பெயருள்ள ஒன்றைப் படித்துவிட்டுப் பெயரில்லாத அடுத்ததைப் பார்க்கும்போதுதான், இவருக்கும் ஒரு பெயர் இருக்குமே என்று உறைக்கும். எந்தத் திட்டத்திலும் எழுதியிராத விளைவு இது.

எத்தனை உருவங்கள் ஒட்டினார்கள்? 30,000-த்தை எட்டவில்லை. ஆனால் சதுக்கத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் யார் நடந்தாலும் இருபுறமும் யாரோ நிற்கிறார்கள், முகம் இல்லை, கண் இல்லை, ஆனால் பார்க்கிறார்கள். புகைப்படக்காரர் எதுவார்தோ ஹில் எடுத்த ஒரு படத்தில் சுவரோரம் வரிசையாக நிழலுருவங்கள், அவற்றின் முன்னால் போலீஸ்காரர்கள். படத்தின் தலைப்பு "நிழலுருவங்களும் கானாக்களும்". கானா என்பது அந்த ஊர் பேச்சுவழக்கில் போலீஸ், நம்ம "மாமா" மாதிரி வச்சுக்கலாம். ஆயுதம் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம், வெறும் பேப்பர் ஒரு பக்கம். படத்தைப் பார்த்தால் சங்கடத்தில் இருப்பது யார் என்று தெரியும்.

இந்த நிகழ்வுக்கு "எல் சிலுயெட்டாசோ" என்று பெயர் வந்தது. சிலுயெட்டா என்றால் நிழலுருவம். ஆசோ என்ற விகுதி ஸ்பானிஷில் பெரிய அடி, பெரிய வீச்சு. 1969-ல் கோர்தொபா நகரத்தில் தொழிலாளர்களும் மாணவர்களும் எழுந்ததை "கோர்தொபாசோ" என்றார்கள். அந்த வரிசையில் இதையும் வைத்துவிட்டார்கள். கண்காட்சி என்று யாரும் சொல்லவில்லை, எழுச்சி என்றே சொன்னார்கள். அந்த டிசம்பரிலும் 1984 மார்ச்சிலும் மறுபடி செய்தார்கள்.

டிசம்பர் 10-ல் அல்ஃபொன்சின் அதிபரானார். ராணுவம் தனக்கே கொடுத்துக்கொண்ட பொதுமன்னிப்பு அந்த மாதமே ரத்தானது. விசாரணைக் குழு 1984-ல் அறிக்கை கொடுத்தது, அதில் பதிவானவர்கள் 8,961 பேர். பட்டியல் முழுமையானதல்ல என்று அந்த அறிக்கையே சொன்னது. ஆனாலும் இன்றுவரை அங்கே ஒரு கூட்டம் "8,961 தானே, 30,000 எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. உடலையும் ஆவணத்தையும் அழித்தவர்கள் பக்கம் நின்றுகொண்டு ரசீது கேட்பது போல இருக்கிறது எனக்கு.

நிற்பதா படுப்பதா, பெயரா பெயரில்லாமலா என்ற கேள்விகள் அந்த இரவோடு முடியவில்லை. 1986-ல் அம்மாக்களின் அமைப்பே இரண்டாகப் பிரிந்தது. காரணங்கள் பல. ஆனால் புதைகுழிகளைத் தோண்டி எலும்புகளை அடையாளம் காண்பது, அரசு இழப்பீடு வாங்குவது, நினைவுச்சின்னத்தில் பெயர் பொறிப்பது ஆகியவற்றில் எபெ தெ பொனஃபினியின் தரப்பு கடைசிவரை வேண்டாம் என்றே நின்றது. மற்ற தரப்பில் பலர், என் மகனின் எலும்பாவது எனக்கு வேண்டும் என்றார்கள். இதில் யார் பக்கம் என்று வெளியில் இருந்து நாம் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது என்று நினைக்கிறேன்.

பிறகு குற்றவாளிகள் வெளியே வந்தார்கள். 1986, 87-ல் வழக்குகளை முடக்கும் சட்டங்கள், 1989, 90-ல் அதிபர் மெனெம் கொடுத்த மன்னிப்பு. சித்திரவதை செய்தவர் அதே ஊரில் பேக்கரிக்குப் போய் ரொட்டி வாங்குகிறார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் வளர்ந்து 1995-ல் ஈஹோஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள், 1997-ல் தெருக்கலைக் குழு என்ற பெயரில் இளம் ஓவியர்கள் சேர்ந்தார்கள். இவர்கள் மறைந்தவரை வரையவில்லை. மறைத்தவனின் வீட்டைக் காட்டினார்கள். அச்சு அசல் போக்குவரத்துப் பலகை மாதிரி செய்து கம்பத்தில் மாட்டுவார்கள்: இத்தனை மீட்டரில் முன்னாள் ரகசிய முகாம் என்று. 2001 மார்ச் 24-ல் "இங்கே இனப்படுகொலையாளர்கள் வசிக்கிறார்கள்" என்று நகர வரைபடம் ஒன்றை வெளியிட்டார்கள், முகவரியோடு. டூரிஸ்ட் மேப் மாதிரியே இருக்கும். அதிலும் ஓவியரின் கையெழுத்து கிடையாது. 2005-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களைச் செல்லாது என்று சொன்னது, வழக்குகள் திரும்பத் தொடங்கின.

1983-ன் உருவங்கள் சாதாரணப் பேப்பர். கிழித்தார்கள், மழையில் ஊறின, போய்விட்டன. இன்றைக்கு மியூசியங்களில் இருப்பது பெரும்பாலும் ஹில் போன்றவர்கள் எடுத்த புகைப்படங்கள்தான். 2008-ல் அனா லொங்கோனி என்ற ஆய்வாளரும் குஸ்தாவோ புருசோனே என்பவரும் சேர்ந்து இதைப் பற்றிய ஆவணங்களையும் பேட்டிகளையும் ஒரே புத்தகமாகத் தொகுத்தார்கள். புருசோனே தொழிலால் நீதிபதி, கலை சேகரிப்பவர். ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் தேடிப் படியுங்க. தெரியாதவர்கள் ஹில்லின் படங்களைப் பெரிய ஸ்க்ரீனில் ஒவ்வொன்றாகப் பாருங்க, அவசரப்படாம.

அடுத்த எபிசோட்ல, சொன்ன மாதிரி, அந்தப் பாட்டிமார். ரத்தப் பரிசோதனையில் அப்பா அம்மா இருவருமே இல்லாதபோது பேரனை எப்படி நிரூபிப்பது என்று விஞ்ஞானிகளிடம் போய்க் கேட்டவர்கள். பார்ப்போம்.